முடிக்காமலே விட்டும் மனசை விட்டுப் போகாத கேம்: உங்களுக்கு எது?

பாறைக்காரன், கொழிஞ்சாம்பாறை:

போன வாரம் என் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், "அப்பா, உனக்குப் பிடிச்ச பத்து கேம் சொல்லு" என்றாள். மூன்று சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை. சொன்ன மூன்றையும் நான் கடைசி வரை ஆடி முடித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முடித்த கேம்கள் நிறைய உண்டு, பிஎஸ் 2இல், கம்ப்யூட்டரில், போனில் என்று, ஆனால் அவற்றின் பெயரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வருவது சூப்பர் மேரியோ, 1985இல் வந்த முதல் மேரியோ. எங்கள் தெருவுக்கு அது வந்தது 1993இல். பின்வீட்டில் ஒரு மலையாளிக் குடும்பம், அப்பா ஷார்ஜாவில், லீவுக்கு வந்தபோது ஒரு செட் கொண்டுவந்தார். ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் செட்டைப் பார்த்து யாரோ செய்த நகல் அது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்துகொண்டது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோ கேம்தான், மீதியெல்லாம் அதே கேம் வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு முழுப் பரீட்சை லீவு போனது.

ஆறு பேர் தரையில் உட்கார்ந்திருப்போம், ஒரு லைஃப் போனால் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடமும் தமிழ் மீடியம், நான் மலையாளம் பேசக் கற்றதே அந்த ஹாலில்தான். குழி வந்தால் "சாடு, சாடு" என்று கத்துவார்கள். குதிக்கச் சொல்கிறார்கள் என்று புரியாமல், யாரைப் போய்ச் சாடுவது என்று நான் முழித்ததில் இரண்டு லைஃப் போனது.

அதில் சேவ் கிடையாது. 8 உலகம், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், ஆக 32, ஒரே மூச்சில் ஆட வேண்டும். எங்களுக்கோ சாயங்காலம் ஆனால் அரை மணி நேரம் லோட் ஷெட்டிங், எந்த அரை மணி என்பது முறை வைத்து மாறும். ஸ்கூல் விட்டு வந்து, பால் குடித்து, வீட்டுப்பாடம் செய்ததாகப் பேர் பண்ணி, அங்கே போய்ச் சேர்ந்து, நம் முறை வருவதற்குள் இருட்டிவிடும். பின்வீட்டு மூத்த பையன்தான் வழி கண்டுபிடித்தான். 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில், சுரங்கத்தின் கூரை மேலேறி ஓடினால் வெளியே போகிற குழாயையும் தாண்டி ஓர் அறை வரும், அங்கிருந்து நேரே 4ஆம் உலகம். 4-2இல் ஒரு செங்கல்லை முட்டினால் கொடி முளைக்கும், அதில் ஏறிப் போனால் 8ஆம் உலகம். 32க்குப் பதிலாக எட்டே ஸ்டேஜ்.

ஒரே ஒரு நாள் நான் 8-4 வரை போனேன். கோட்டைக்குள் சுற்றுவழி, தப்பான குழாயில் இறங்கினால் கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து விடும். மூன்றாவது சுற்றில் கரண்ட் போனது. இருட்டில் ஆறு பேரும் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை, அப்புறம் அந்த வீட்டுப் பாட்டி மெழுகுவத்தி கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அவர்கள் திருச்சூருக்குக் குடிபோனார்கள், செட்டும் போனது.

இரண்டாவது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 60 நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும், எனக்குக் கம்ப்யூட்டர் கிளாஸே 45 நிமிஷம்தான். மூன்றாவது டேஞ்சரஸ் டேவ், பத்தே லெவல், அதையும் முடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, விடுங்கள்.

உங்களுக்கு இப்படி எது இருக்கிறது? முடிக்காததற்குக் காரணத்தோடு சொல்லுங்கள்.


சும்மாபடிப்பவன்:

வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறேன், மன்னிக்கவும். மேரியோவில் எல்லா லைஃபும் போய் முதல் திரைக்கு வந்துவிட்டால், ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் அழுத்துங்கள். செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே ஆரம்பிக்கும். செட்டை ஆஃப் செய்யாத வரை எத்தனை தடவை வேண்டுமானாலும். பிரின்ஸிலும் மூன்றாவது லெவலுக்கு மேல் கன்ட்ரோல் ஜி அழுத்தினால் சேவ் ஆகும். 45 நிமிஷ கிளாஸ் தாராளம்.


நகரித்தறி, நகரி:

பாறைக்காரரே, உங்களுக்கு "சாடு", எனக்கு "ஆகு".

நாங்கள் திருத்தணிப் பக்கம். நைனா தறி வேலைக்கு நகரிக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. தெருமுனையில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது, மணிக்கு ஐந்து ரூபாய், இரண்டு பேராக ஆடினால் ஆளுக்கு இரண்டரை. அதனாலேயே எனக்கு ஒரு தெலுங்குப் பையன் கூட்டாளியானான். ஆடியது கான்ட்ரா. மூன்றாவது ஸ்டேஜ் அருவி, ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும், மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறிவிடும், பின்தங்கினவன் திரைக்கு அடியில் போய்ச் செத்துவிடுவான். நான் ஏறுகிறேன், அவன் கீழே நின்று "ஆகு, ஆகு" என்று கத்துகிறான். தெலுங்கில் ஆகு என்றால் நில். என் காதில் அது ஆகட்டும் ஆகட்டும், நடத்து என்று உற்சாகப்படுத்துவது போல விழுந்தது. நான் இன்னும் வேகமாக ஏறினேன். அவனிடம் இருந்த லைஃப் எல்லாம் அந்த அருவியிலேயே தீர்ந்தது. இறங்கி வந்து இரண்டரை ரூபாயைத் திருப்பிக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் அவனோடுதான் ஆடினேன், வேறு யாரிடமும் இரண்டரை ரூபாய் இல்லை.

முப்பது லைஃப் வித்தை எங்கள் கடைக்கு ரொம்ப லேட்டாக வந்தது, சென்னையிலிருந்து லீவுக்கு வந்த ஒருவன் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தான். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். கோனாமி கம்பெனியில் ஹாஷிமோட்டோ என்று ஒருவர், 1986இல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கக்கூடத் தன்னால் ஆட முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருக்கிறதே என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழியாம் அது. செய்தவருக்கே அந்தக் கதி, நாங்கள் எம்மாத்திரம்.

முப்பது லைஃப் இருந்தும் முடிக்கவில்லை, கடைக்காரர் மணி ஆனதும் சுவிட்சில் கை வைத்துவிடுவார். பத்து வருஷம் கழித்து கம்ப்யூட்டரில், பழைய செட் கேம்களை ஓட்டுகிற எமுலேட்டர் போட்டு முடித்துப் பார்த்தேன், ஹெலிகாப்டரில் ஏறிப் போகிறான், தீவு வெடிக்கிறது, முடிந்தது. அன்றைக்கு எனக்கு அதிசயமாக இருந்தது வேறு ஒன்று. கான்ட்ராவுக்கு அவ்வளவு நல்ல மியூசிக் உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடைக்கு இரண்டு பக்கமும் பவர்லூம், டட்டக் டட்டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், டிவியின் சத்தத்தை ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. இப்போதும் எனக்குத் தறிச் சத்தத்தோடுதான் அந்த அருவி ஞாபகம் வரும்.


லயத்துப்பொண்ணு, மூணாறு:

எல்லாம் அண்ணன்மார்தான் போலிருக்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், டிவி இருந்ததே ஒரு வீட்டில், அதுவும் மழைக்காலம் வந்தால் புள்ளி புள்ளியாகத்தான் ஓடும். எனக்குத் தெரிந்த வீடியோ கேம் கையில் பிடிக்கிற பிரிக் கேம். பழனிக்குப் போனபோது அடிவாரக் கடையில் அப்பா தம்பிக்கு வாங்கிக் கொடுத்தார், எனக்கு வளையல், கேட்கவே வேண்டாம். கலர் கிடையாது, கறுப்புக் கட்டம்தான், குறுக்கே 10, நெடுக்கே 20. அதற்குள்ளேயே கார் ஓடும், பாம்பு ஓடும், டெட்ரிஸ் விழும். தம்பி இரண்டே வாரத்தில் சலித்துப்போய்ப் போட்டுவிட்டான். எடுத்துக்கொண்டவர் அம்மா.

அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. பறிக்கிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையும் தன்பாட்டுக்கு ஓடும், கண் அதற்குள் அடுத்த செடிக்குப் போயிருக்கும். டெட்ரிஸும் அப்படியேதான் ஆடினார். விழுகிற கட்டையைப் பார்க்கவே மாட்டார், ஓரத்தில் அடுத்து வரப்போவதைச் சின்னதாகக் காட்டும் இல்லையா, பார்வை அதில்தான். நானும் தம்பியும் அவசரத்தில் தப்பாகத் திருப்பி வைப்போம், அம்மா அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கட்டைகளுக்கு அவர் வைத்த பேர்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும். சதுரம் டீத்தூள் பொட்டலம், நீளமானது கம்பு, வளைந்தது செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. "கம்பு வரமாட்டேங்குதே" என்று புலம்பினால் நாங்கள் அடுப்படியில் இருந்தபடியே நிலைமையைப் புரிந்துகொள்வோம். விரல் நுனிக் கறை ஒட்டிப் பட்டன் எல்லாம் கறுத்துப் போனது. பேட்டரி தளர்ந்தால் வெயிலில் வைப்பது, பல்லால் கடிப்பது எல்லாம் செய்து பார்ப்போம். பேட்டரியைக் கழற்றினால் ஸ்கோர் அழிந்துவிடும், அதனால் காலண்டரில் எழுதிவைத்தார், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே. அந்த ஸ்கோரை நான் இன்னும் தொடவில்லை.

முடிக்காத கேம் என்று கேட்டீர்கள், இதற்கு முடிவு என்று ஒன்றே கிடையாது. 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் செய்தபோதே அப்படித்தான் செய்தார், அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், தோற்கிற வரைக்கும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை 157ஆம் லெவல் வரை ஆடி, கேமே நின்றுபோகும்படி செய்துவிட்டான் என்று செய்தி வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடைசியில என்ன வந்துச்சு?" என்றார். ஒன்றும் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டது என்றேன். "அதுக்கா அந்தப் பிள்ள இத்தன பாடுபட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "வேகம் எவ்வளவு வச்சிருந்தான்?" என்று கேட்டார்.


கடைக்காரன், களியக்காவிளை:

தங்கச்சி, அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லவும். பாறைக்காரரே, எங்கள் ஊரில் தமிழிலேயே சாடு என்றால் குதிதான். நீங்கள் குமரி மாவட்டத்தில் பிறந்திருந்தால் அந்த இரண்டு லைஃப் மிச்சம்.

நான் ஆடியவன் இல்லை, ஆடவைத்தவன். 2002 முதல் 2010 வரை பிரௌசிங் சென்டர் நடத்தினேன், கேரள எல்லைச் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஏழு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். ஆறு கம்ப்யூட்டரில் சாயங்காலம் கவுண்டர் ஸ்ட்ரைக், டஸ்ட் 2 மேப், பாறசாலைப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு பக்கம், குழித்துறைப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு பக்கம். திட்டுவது மட்டும் இரண்டு பாஷையிலும் நடக்கும், யார் எதில் திட்டுகிறார்கள் என்றே தெரியாது.

ஆனால் எனக்குச் சோறு போட்டது ஐஜிஐ. 2000இல் வந்த கேம், மொத்தம் 14 மிஷன், ஒரு மிஷனுக்கு நடுவில் சேவ் செய்யவே முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய், கேமராவைப் பார்த்து, கம்பியில் தொங்கி, கடைசிக் கதவுக்கு முன்னால் ஒருவன் சுட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அலாரம் அடித்துவிட்டாலோ காவலாளிகள் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள். அதைச் செய்தவர்கள் யாரென்று தெரியாது, பிரௌசிங் சென்டர்காரர்களுக்காகவே யோசித்துச் செய்தது போலிருக்கும். "அண்ணாச்சி, இன்னும் அரை மணிக்கூறு" என்ற குரல் இப்போதும் காதில் கிடக்கிறது. பாறசாலைக்காரப் பையன் ஒருவன், பிளஸ் டூ, தினமும் யூனிஃபார்மிலேயே வருவான், பத்தாவது மிஷனில் மாட்டிக்கொண்டான். மூன்று வாரம் அதே மிஷன். காசு தீர்ந்ததும் கடன், அப்புறம் பரீட்சை வந்தது, ஆளையே காணவில்லை. 35 ரூபாய் பாக்கி, நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மக்கா, இதைப் படித்தால் காசு தர வேண்டாம், முடித்தாயா இல்லையா என்று மட்டும் சொல்.

என் சொந்தக் கேம் என்றால் கல்லாவில் உட்கார்ந்து ஆடிய மைன்ஸ்வீப்பர். எக்ஸ்பர்ட்டில் 480 கட்டம், 99 குண்டு. எட்டு வருஷத்தில் எத்தனை தடவை முடித்தேன் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் எனக்குப் பெருமைதான். முடிக்காமல் போனதில் பாதி, எல்லாம் சரியாகப் போட்டு, கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சி, இதிலா அதிலா என்று கணக்குப் போட்டே சொல்ல முடியாத இடத்தில் போனது. அந்த நேரம் பார்த்து எவனாவது வந்து "அண்ணாச்சி, பிரிண்ட் அவுட்" என்பான்.


நம்பேட் இல்லாதவன், வேலந்தாவளம்:

நான் உங்களுக்கெல்லாம் சின்னவன். என் கதை கரண்ட் கதைதான், ஆனால் பாறைக்காரர் அண்ணனுக்கு நேர் எதிர்.

2011இல் தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர் எல்லையில்; ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படித்த அத்தை மகனுக்குக் கிடைத்தது, இந்தப் பக்கம், கேரளாவில் படித்த எனக்குக் கிடையாது. சைக்கிளில் பத்து நிமிஷம் போனால் அவன் வீடு. ஆனால் 2012இல் அந்தப் பக்கம் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அதனால் ஓர் ஒப்பந்தம்: லேப்டாப் அவனுடையது, சார்ஜ் என்னுடையது. ராத்திரி எங்கள் வீட்டில் சார்ஜ் ஏறும், காலையில் பைக்குள் வைத்து எல்லை தாண்டும். செக்போஸ்ட்டில் ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை, நாங்கள்தான் தங்கம் கடத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவோம்.

ஆடியது வைஸ் சிட்டி. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பில்டிங்குக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டு வைக்க வேண்டிய மிஷன் ஒன்று வரும், ஆடியவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். ஹெலிகாப்டரை ஓட்ட கீபோர்டின் வலது பக்கத்து நம்பர் கட்டைகள் வேண்டும். அந்த லேப்டாப்பில் அந்தப் பகுதியே கிடையாது. மேலே போகும், கீழே வரும், முன்னால் போகாது. ஆறு மாசம் அதே மிஷன், மிச்ச நேரத்தில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கடற்கரை ரோட்டில் பைக் ஓட்டினோம், அந்த ஊரின் சந்துகள் எனக்குப் பாலக்காட்டை விட நன்றாகத் தெரியும். செட்டிங்ஸில் போய்க் கட்டைகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது காலேஜில் ஒருவன் சொல்லித்தான் தெரியும். அதற்குள் லேப்டாப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கிரிக்கெட் 07 பற்றி யாரும் பேசவில்லையே? உரிமம் இல்லாததால் நம் ஆட்டக்காரர்களின் பேரையெல்லாம் கோணலாக வைத்திருப்பார்கள், நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அதைச் செய்த இஏ கம்பெனி அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் கேமே விடவில்லை, ஆனாலும் ரசிகர்கள் அதற்குப் புதுச் சட்டை, புது டீம் என்று பேட்ச் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதில் முடிப்பது, முடிக்காதது என்ற பேச்சே இல்லை.


பாறைக்காரன், கொழிஞ்சாம்பாறை:

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஏ அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் விஷயத்தைப் படித்ததும் நான் எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். முப்பது வருஷம்! சரி, கரண்ட் போனால் அதுவும் அழிந்திருக்கும், அப்படி நினைத்து ஆறுதல்பட வேண்டியதுதான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கோவையில் அந்த மாதிரி செட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது, துப்பாக்கியோடு, மஞ்சள் கேசட்டோடு. கேசட்டை எடுத்து ஊதிப் போட்டேன், கை தானாகச் செய்தது. மேரியோ ஓடுகிறது. வாத்து சுடுகிற கேம் மட்டும் எல்இடி டிவியில் எவ்வளவு சுட்டாலும் ஒன்றும் விழவில்லை. மகள் திரையில் துப்பாக்கியை ஒட்டிவைத்தும் சுட்டுப் பார்த்துவிட்டாள். துப்பாக்கி போச்சா?


கடைக்காரன், களியக்காவிளை:

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், டிவிதான் காரணம். அதிலிருந்து ஒன்றும் பாயாது, வெளிச்சத்தை வாங்குகிற கண்தான் அது. விசையை இழுத்ததும் திரை ஒரு நொடியில் சின்னத் துண்டு நேரம் கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும், துப்பாக்கிக்குக் கறுப்பும் வெள்ளையும் அந்த வரிசையில் தெரிந்தால் வாத்து விழும். பழைய பெட்டி டிவியில் படம் உடனுக்குடன் வரும், எல்இடி கொஞ்சம் தாமதித்துக் காட்டும், அதற்குள் கேம் கணக்கை முடித்துவிடும். ஊதுவதை நிறுத்துங்கள், எச்சில் ஈரம் பட்டுக் கேசட்டின் பல் கறுத்துப்போகும். சரியானது ஊதியதால் இல்லை, எடுத்துத் திரும்பச் செருகியதால்.

என்னிடம் கடையில் கிடந்த பெட்டி டிவி ஒன்று இருக்கிறது, 21 இன்ச். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.


பாறைக்காரன், கொழிஞ்சாம்பாறை:

என் மச்சான் நெய்யாற்றின்கரையில் இருக்கிறார், ஓணத்துக்குக் காரில் வருவார், ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறேன். டிவி ஓடுகிறதா அண்ணாச்சி?


கடைக்காரன், களியக்காவிளை:

ஓடும். மேல் மூலையில் கொஞ்சம் பச்சை அடிக்கும், வாத்து பறக்கும்போது தெரியாது.